தள்ளுவதற்கு ஓர் ஆள்

என் வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். மோட்டார் சைக்கிள் என்றதும் நீங்கள் நினைக்கிற வண்டி இல்லை அது. நாலு மாநிலம் தாண்டிப் போவதற்கென்றே செய்த வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கப் பெரிய கண்ணாடி, பின்சீட்டில் முதுகுக்குத் திண்டு, கை வைத்துக்கொள்ள மெத்தை. பெங்களூரில் யாரோ ஒருவர் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. அவருக்கு ஏன் அலுத்துப்போனது என்று இவர் விசாரிக்கவில்லை. எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஓர் எருமையின் கனம் இருக்கும் அந்த வண்டியால் தானாகப் பின்னால் போக முடியாது. ரிவர்ஸ் கியர் கிடையாது. எருமையாவது அதட்டினால் நகரும்.

இவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வாழ்நாளெல்லாம் வண்டிகளுக்கு நடுவில்தான் இருந்தார். ஆனால் எந்த வண்டியைப் பின்னால் எடுத்தபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் ஒரு கிளீனர் நின்று பாடியைத் தட்டிக்கொண்டே, "வரலாம் வரலாம், ரைட்ல ஒடி, போதும்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கிளீனர்தான் இல்லை. அரசாங்க ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றுவந்த நான் இருந்தேன்.

வண்டி கனமாக இருந்தால் என்ன, பார்த்து நிறுத்தினால் பின்னால் தள்ள வேண்டிய அவசியமே வராதே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அதற்கு இவர் சொன்ன பதிலில் சாமி வந்துவிட்டது.

லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை விட்டோ பட்டறையை விட்டோ கிளம்புகிற வண்டியின் முதல் உருளல் முன்னால்தான் இருக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டும். கிளம்பும்போதே பின்னால் போனால் போகிற காரியம் விளங்காது. லாரிக்கு இதெல்லாம் பொருந்தும். லாரியில் ரிவர்ஸ் இருக்கிறது, முதல் நாளே திருப்பி நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் வீட்டு போர்டிகோவில் இது என்ன பாடு படுத்தும் என்று சாமிக்கும் தெரியாது, இவருக்கும் தெரியவில்லை.

புதுச்சத்திரத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க போர்டிகோவைத் தெருவைவிட உயர்த்திக் கட்டினோம். பார்வைக்கு அந்தச் சரிவு தெரியாது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தெரியும். வண்டியைத் தள்ளினால் நன்றாகவே தெரியும். மாலையில் நேராக உள்ளே ஓட்டிவந்து நிறுத்திவிட்டு, காலையில் பிரேக்கை விட்டால் போதும், அதுவே உருண்டு தெருவுக்கு வந்துவிடும். ஒரு ஆள் தள்ள வேண்டாம். ஆனால் அப்படிச் செய்தால் காலையில் முதல் உருளல் பின்னால் ஆகிவிடுமாம். அதனால் ஒவ்வொரு மாலையும் தெருவில் நிறுத்தி, பின்புறமாக மேட்டில் ஏற்ற வேண்டும். மறுநாள் இவர் மகாராஜாவாக முன்னால் கிளம்பிப் போவதற்கு முந்தின நாள் நான் அந்த எருமையை மேட்டில் ஏற்ற வேண்டும்.

ஒருநாள் நான் வழி சொன்னேன். "ஏனுங்க, சொவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு மொழம் எடம் உட்டு நிறுத்துங்க. காலையில அந்த ஒரு மொழம் முன்னாடி நவுத்துங்க, பழத்த நசுக்குங்க, பொறகு பின்னாடி உடுங்க. மொதல்ல முன்னாடி போன மாதிரியும் ஆச்சு."

"சாமிய ஏமாத்தச் சொல்றியா?" என்றார்.



தள்ளுகிற முறை இதுதான். இவர் வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் தரையை உந்துவார். நான் முன்னால் நின்று விளக்குக்கு இரண்டு பக்கமும் கை வைத்துத் தள்ள வேண்டும். அவர் முகமும் என் முகமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேருக்கு நேராக இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. "கண்ணாடியில கை வெக்காத, ரேகை உழும்" என்பார். "நல்லா ஊனித் தள்ளு" என்பார். நான் ஊன்றித் தள்ளுவேன், செருப்பு வழுக்கும். பாதி மேட்டில் மூச்சு வாங்க நின்றால், "நிக்காத, நின்னா எறங்கிரும்" என்று பதறுவார். இறங்கினால் என்மேல்தான் இறங்கும் என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது. கடைசியில் நான் கேன்வாஸ் ஷூ வாங்கினேன். புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன். ஒரு வண்டி வந்து ஒரு மனுஷியின் உடுப்பையே மாற்றிவிட்டது.

வெளியே போனால் அங்கேயும் இதே கூத்து. எந்த டீக்கடையாக இருந்தாலும் கல்லாவுக்கு நேராக மூக்கை நுழைத்துத்தான் நிறுத்துவார். தள்ளி நிறுத்துங்கள் என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நான் கத்துவது அவர் ஹெல்மெட்டுக்குள் போய்ச் சேராது. டீ குடித்து முடித்ததும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் எங்களைப் பார்ப்பார்கள். அவர் ஏறி உட்காருவார், நான் முன்னால் போய்க் கை வைப்பேன். வெண்ணந்தூர் பிரிவில் நாங்கள் வழக்கமாக நிற்கிற டீக்கடைக்காரர், பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டே வேடிக்கை பார்க்க வருவார். "அக்கா, இந்தப் பக்கம் லேசா ஒடிங்க" என்று யோசனையும் சொல்வார். வந்து ஒரு கை கொடுக்க மாட்டார். கேட்டால், பெரிய வண்டிங்க, கீழே போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்பார். எனக்கு மட்டும் அந்தப் பயம் இருக்கக் கூடாது.

இவ்வளவு புலம்புகிறவள் ஏன் கூடப் போனாய் என்றால், அந்தப் பின்சீட்டுக்காகப் போனேன்.

ஆபீசில் நான் காலமெல்லாம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கை ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், இல்லாவிட்டால் போன் கூப்பிடும், இரண்டும் கூப்பிடாவிட்டால் இவர் கூப்பிடுவார். அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. யாரும் எதையும் கேட்க முடியாது. ராசிபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைக் களங்களில் மாவு வெள்ளை வெளேரென்று காயும். வெண்ணந்தூர்ப் பக்கம் திரும்பினால் தறிச் சத்தம் ஹெல்மெட்டையும் தாண்டிக் கேட்கும். கோழிப்பண்ணை நாற்றம் வந்தால் இவர் வேகத்தைக் கூட்டுவார், தாண்டியதும் குறைப்பார். நான் மெத்தையில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வருவேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க மேட்டில் வண்டி ஏற்றினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. பேரன் பேத்தி எடுத்தவள் ஜெர்கின் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சொந்தக்காரர்கள் கேட்டால் என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "அவருக்கு வண்டி தள்ள ஆள் வேணுமில்லீங்களா, அதுக்குத்தான் போறன். என்ன கெரகமோ போங்க." அதைக் கேட்டால் எல்லோரும் பாவப்படுவார்கள். ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. இவர் பக்கத்தில் இருக்கும்போதும் இதையேதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ரிவர்ஸ் கியர் பேச்சை எடுத்ததும் நான்தான். போனில் பார்த்தேன். இந்த மாதிரிக் கனமான வண்டிகளில் சிலதுக்குக் கம்பெனியே ரிவர்ஸ் வைத்துக் கொடுக்கிறதாம். இல்லாத வண்டிக்குத் தனியாக மாட்டிக்கொள்ளலாமாம். சின்ன மோட்டார் ஒன்று பின்சக்கரத்தை மெதுவாகப் பின்னால் சுற்றும், பட்டனை அமுக்கினால் போதும். இவரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கம்பெனி குடுத்ததுல கை வெக்கக் கூடாது" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கம்பெனி கொடுக்கிற மொட்டைச் சேஸின்மேல் கேபின் கட்டி, பாடி கட்டி, கொம்பு வைத்து, ஜிகினா வைத்து, பூ வரைந்து, அதில்தான் எங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அப்பேர்ப்பட்ட மனுஷர் சொல்கிறார், கம்பெனி கொடுத்ததில் கை வைக்கக் கூடாதாம். அதோடு விட்டாரா? பேட்டரி இறங்கிவிடும் என்றார். வண்டி பேப்பரில் பிரச்சினை வரும் என்றார். கனம் கூடிவிடும் என்றார். "கனத்தத் தள்றது நானுங்க, நீங்க ஏன் கவலப்படறீங்க" என்றேன். செய்தித்தாளை எடுத்து விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

நிஜமான காரணம் பிறகுதான் தெரிந்தது. பெரிய வண்டி வைத்திருக்கிற பையன்கள் சேலத்தில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். எல்லோரும் எங்கள் மகன் வயதுக்கும் கீழே. இவரை அங்கிள் என்பார்கள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஓமலூர் வரைக்கும் சேர்ந்து போவார்கள். அவர்களுடைய வாட்சப் குரூப்பில் இவர் ரிவர்ஸ் மாட்டலாமா என்று கேட்டுவிட்டார். அதற்கு ஒருவன், "அங்கிள், ரிவர்ஸ் வெச்சா அது பைக் இல்ல, ஆட்டோ. புது பஸ் ஸ்டாண்டுல ஸ்டாண்ட் போட்டுக் குடுத்துருவாங்க" என்று எழுதியிருக்கிறான். சிரிக்கிற பொம்மைகளாகக் கீழே வரிசை. இவர் அந்த மெசேஜை என்னிடம் காட்டவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது நானாகப் பார்த்தேன். என் தோளைவிட அந்தப் பயல்களின் சிரிப்பு பெரிதாகப் போய்விட்டதே என்று பொங்கிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயம் தோளில் வலி வேறு ஆரம்பித்திருந்தது. வலது கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. நாமக்கல்லில் டாக்டரிடம் போனோம். கையை இப்படித் தூக்குங்கள், அப்படித் திருப்புங்கள் என்று பார்த்துவிட்டு, தோள் இறுகிப்போயிருக்கிறது என்றார். "கனமா ஏதாவது வேலை செய்யறீங்களா?" என்று கேட்டார்.

"பைக் தள்றனுங்க" என்றேன்.

டாக்டர் இவரைப் பார்த்தார். இவர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார். இனிமேல் தள்ளுகிற வேலையே கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு இரண்டு பேருமே தலையாட்டினோம். அன்றைக்கு மாலையே இவர் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏம்புள்ள, எடது கையில மட்டும் தள்ளு, போதும்" என்றார்.

ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனதுதான் கடைசி. மண்டபத்து வாசலில் இவர் வழக்கம்போல மூக்கை நுழைத்து நிறுத்தினார். பந்தி முடிந்து வந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கார்கள் நெருக்கி நிற்கின்றன. தரையில் ஜல்லி வேறு. நான் பட்டுப்புடவைமேல் ஜெர்கினை மாட்டிக்கொண்டு இடது கையால் தள்ள, இவர் ஜல்லியில் கால் வழுக்க, வண்டி மெதுவாகச் சாய ஆரம்பித்தது. அவ்வளவு கனமான வண்டி சாய ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வலது கை தானாகப் போய்ப் பிடித்தது. தோளில் சுரீரென்று இழுத்தது. விட்டுவிட்டேன். வண்டி படுத்துக்கொண்டது. இவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நல்லவேளை தாண்டி வந்துவிட்டார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வண்டியைச் சுற்றி வந்தார். "கண்ணாடி ஒடஞ்சிருச்சா பாரு" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். கண்ணாடி உடையவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். தெருவில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"இனிமே நான் தள்ள மாட்டனுங்க" என்றேன். "இந்த ஜென்மத்துல இல்ல."

நான் சொன்னதற்கு அர்த்தம், ரிவர்ஸ் மாட்டுங்கள் என்பது. இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? இவர் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டியை மேட்டில் ஏற்றி, உறையைப் போட்டு மூடினார். அதன்பிறகு பல வாரம் அந்த உறையை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வரும், உறைக்குள் வண்டி இருக்கும், இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு போர்டிகோவில் நடப்பார். என்னைக் கூட வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை, மெக்கானிக்கிடம் போகவும் இல்லை. வீம்பு பிடித்த மனுஷர் என்று நினைத்தேன். பையன்கள் சிரித்துவிடுவார்களாம், அதற்காக வண்டி துருப்பிடித்தாலும் சரி, பெண்டாட்டி வீட்டோடு கிடந்தாலும் சரி. நானும் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சட்னியில் உப்புக் கூடினால்கூட அதற்கும் அந்த வண்டிதான் காரணம் என்று சண்டை போட்டேன்.

ஒருநாள் நான் ராசிபுரம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால் போர்டிகோ காலியாக இருந்தது. மறுநாள் மாலை தெருவில் ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. சில கார்களைப் பின்னால் எடுக்கும்போது குழந்தைப் பொம்மை மாதிரி ஒரு மெட்டுப் பாடுமே, அந்தச் சத்தம். வெளியே வந்து பார்த்தேன். இவர் வண்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காலும் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகின்றன. வண்டி தானாகப் பின்பக்கமாக மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, பாடிக்கொண்டே.

கூட வந்தவர் நாமக்கல்லில் லாரிகளுக்கு வயரிங் செய்கிறவர். மோட்டாரையும் பல்சக்கரத்தையும் தேடிப் பிடித்து மாட்டியவர் அவர்தான். பாட்டை யாரும் கேட்கவில்லை, அவராகச் சேர்த்துக் கொடுத்த அன்பளிப்பு. "சும்மா ரிவர்ஸ் போனா யாருக்குத் தெரியுமுங்க? சத்தம் வேணுமில்லீங்களா?" என்றார். தெருவே வெளியே வந்து நின்றது. எல்லோருக்கும் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள் என்று வயரிங்காரர் கேட்டார். இவர் உள்ளே போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்தார். முதலில் வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்கிவிட்டு, அப்புறம்தான் பட்டனை அமுக்கிப் பின்னால் விட்டார். நான் அன்றைக்குச் சொன்ன அதே ஒரு முழம். அன்றைக்கு அது சாமியை ஏமாற்றுவதாக இருந்தது.

ஆனால் கோபத்தை அடக்கிக்கொண்டேன். உள்ளே சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாக மனுஷருக்குப் புத்தி வந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை ஜெர்கினைத் துவைத்துக் காயப்போட்டேன். ஹெல்மெட்டின் உள்பஞ்சைத் துடைத்தேன். கேன்வாஸ் ஷூவை எடுத்து வாசல் பக்கம் வைத்தேன். மறுநாள் காலையில் தக்காளிச் சட்னி அரைத்து இட்லியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தபோது வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன்.

இவர் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாரேன்" என்று கையைத் தூக்கினார். "நீ ஓய்வெடு." முன்சக்கரம் அழகாக முன்னால் உருண்டது. போய்விட்டார்.

கையில் டப்பாவோடு நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான் நடந்தது. திரும்பிவந்து, வண்டி எப்படியெல்லாம் பின்னால் போனது, ஓமலூரில் எவ்வளவு சின்ன இடத்திலிருந்து எடுத்தார், பையன்கள் எப்படி ஆட்டோ ஆட்டோ என்று கூப்பிட்டார்கள் என்றெல்லாம் கதை சொன்னார். நான் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. தோள் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். தைலம் தேய்த்துவிடவா என்றார். அழுகைகூட வந்தது எனக்கு. போட்ட சண்டையெல்லாம் நான் போட்டது, டாக்டரிடம் தோளைக் காட்டியது நான், கடைசியில் பலன் என்னவென்றால், வண்டிக்கு என் வேலை தேவையில்லை, அதோடு நானும் தேவையில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை இவருக்கு முன்னாலேயே எழுந்தேன். சுடிதார், ஜெர்கின், ஷூ எல்லாம் போட்டு, ஹெல்மெட்டையும் மாட்டி, போர்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இவர் சாவியோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்க கெளம்பிட்ட?"

"நீங்க போற எடத்துக்குத்தானுங்க."

"உன்னைய ஆரு வரச்சொன்னா?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "அதான் ரிவர்ஸ் போட்டாச்சில்ல? உனக்கோசரந்தான் போட்டேன். அந்தப் பசங்க ஆட்டோங்கறானுங்க, போற எடமெல்லாம் பாட்டுப் பாடுது, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். நீ ஊட்ல நிம்மதியா இருக்கோணும்னுதான்."

"நான் ஊட்ல இருக்கறேன்னு எப்பங்க சொன்னேன்?"

"ஊரெல்லாம் நீதான சொன்ன? வண்டி தள்றதுக்குத்தான் போறேன், கெரகம்னு. என்ற காதுபடத்தான சொன்ன?" இப்போது அவர் குரலும் ஏறியது. "இனித் தள்ள வேண்டியதில்லயே. பொறகு நீ எதுக்கு வர்ற?"

எனக்குத் தெரிந்த வசவெல்லாம் வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி இல்லாமல் பார்த்தேன். மனுஷர் நிஜமாகவே பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

"உக்காந்து வர்றதுக்குங்க" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். ஹெல்மெட் என் தலையில் மாட்டியிருந்ததால் தப்பித்தார். கையில் இருந்திருந்தால் நிச்சயம் எறிந்திருப்பேன்.

ஏறி உட்கார்ந்தேன். வண்டி முறைப்படி முன்னால் உருண்டு தெருவுக்கு இறங்கியது. மரவள்ளிக் காடெல்லாம் அப்படியேதான் இருந்தது. கோழிப்பண்ணை வந்ததும் வேகத்தைக் கூட்டினார். வெண்ணந்தூர் பிரிவு டீக்கடையில் வழக்கம்போலக் கல்லாவுக்கு நேராக மூக்கை நுழைத்து நிறுத்தினார், அந்தப் பழக்கத்தை மட்டும் எந்த மோட்டார் வைத்தும் மாற்ற முடியாது. டீ குடித்தோம். அவர் ஏறியதும் நான் பழக்கத்தில் முன்பக்கம் போய் விளக்கின்மேல் கை வைத்துவிட்டேன்.

"அங்க என்ன பண்ற?" என்றார். "பின்னால வந்து ஏறு."

ஏறினேன். பட்டனை அமுக்கினார். வண்டி பாட ஆரம்பித்தது. கடைக்காரர் பால் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தார். "ஏனுங்க, இன்னைக்கு அக்கா எறங்கித் தள்றதில்லீங்களா?" என்று கேட்டார். இத்தனை பேர் பார்க்க, வண்டி பின்னால் போகப் போக, என் கால் தானாக இறங்கப் பார்த்தது. கையை மெத்தைமேல் வைத்துக்கொண்டேன். நான் இறங்கவில்லை.